வலது பக்கம் நின்று பேசுங்கள்

ஜூலை 27, ஞாயிறு

மகன் குமரேசனை ரயிலேற்றிவிட்டு வந்தேன். சென்னை போய், அங்கிருந்து மெல்போர்ன். வண்டி நகரும்போது கதவருகே நின்றபடி, "ஏதாவது எழுதிக்கிட்டு இருங்கம்மா. யாருக்கும் காட்ட வேண்டாம். மனசு லேசாகும்னு சொல்லுதாங்க" என்றான். மனசு லேசாக வேண்டும் என்று நான் அவனிடம் சொன்னேனா என்ன.

மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் அவருக்குக் கொடுக்கும் டைரி அலமாரியில் புதிதாகவே கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். ஜனவரி முதல் இன்றைய தேதி வரைக்கும் தாள்கள் வெள்ளையாக இருக்கின்றன. கடைசிச் சில தாள்கள் போக, மற்ற எல்லாவற்றிலும் அவர் உயிரோடு இருந்தார். அவற்றைப் புரட்டாமல் நேரே இங்கே வந்துவிட்டேன்.

யாரும் படிக்கப்போவதில்லை என்றாலும் முறையாக எழுதிவிடுகிறேன். என் பெயர் ஆவுடையம்மாள். டாக்டர் கோமதிநாயகத்தின் மனைவி. அவர் இந்த ஊர் மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி பேராசிரியராக இருந்தார், பிறகு டீனாக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் போய் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். இம்மாதம் பத்தாம் தேதி இறந்துபோனார். குளியலறையில் விழுந்தவர், பிறகு கண் திறக்கவில்லை. உடலைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டோம், அவர் எழுதிவைத்திருந்தபடி. வண்டி மயானத்துப் பக்கம் போகாமல் மெயின் ரோட்டில் இடது பக்கம் திரும்பியது. ரோட்டின் இரு பக்கமும் மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

பால் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும். இன்றும் மறந்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறதாம். இங்கே காற்று மட்டும்தான். கொடியில் துணி நிற்கமாட்டேன் என்கிறது.

அவருடைய செல்போனை நிறுத்திவிடலாமா என்று குமரேசன் கேட்டான். இருக்கட்டும் என்றேன். தினமும் நான்கைந்து பேர் கூப்பிடுகிறார்கள். துபாயிலிருந்து ஒருவர், நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மாள், அமெரிக்காவிலிருந்து ஒருவர். எல்லோரும் டாக்டர்கள், எல்லோரும் அவரிடம் முதல் வருஷம் படித்தவர்கள். கொஞ்சம் அழுகிறார்கள். பிறகு ஒரு சம்பவம் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும், "உங்களுக்குத் தெரியாததா அம்மா" என்கிறார்கள்.

எனக்குத் தெரியாதவைதான் எல்லாம்.

இன்று பேசிய ஒருவர், இரண்டு கையிலும் சாக்பீஸ் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் வலது கை நரம்பையும் இடது கை நரம்பையும் சார் போர்டில் வரைவார் என்றார். வகுப்பே கைதட்டுமாம். வீட்டில் அவர் கடிதத்துக்கு உறை ஒட்டினால்கூடக் கோணலாகத்தான் ஒட்டுவார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெருப் பெண்கள் ஆற்றுக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பாத்திரம் கழுவ வரும் பேச்சி, ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்று கேட்டாள். "ஆச்சி, அய்யாவுக்கு அஸ்தி கரைக்கல. கல்லு நடல. நீங்க கும்பிடணும்னா எங்க போயிக் கும்பிடுவிய?"

"படம் இருக்குல்லா" என்றேன்.

அவள் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். டீன் அறையில் எடுத்த படம். மேஜைக்குப் பின்னால் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேறு நல்ல படம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாங்க்கில் வேலை இருந்தது. திரும்பும்போது கல்லூரி வழியாக வந்தேன். அந்த ரோட்டில் வாகை மரங்கள் அதிகம், வெயில் தெரியாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

கறிவேப்பிலை வாங்கப் போனேன். கல்லூரி வழியாகத்தான் திரும்பினேன். அனாட்டமி கட்டிடத்தின் பின்பக்கச் சுவர் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். கேட்டில் இருந்த காவலர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். "உள்ள வாரியளாம்மா?" என்றார். இல்லை, நிழலுக்காக நின்றேன் என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் சிலிண்டர் கொண்டுவந்தவர் பெயர் கேட்டார். சொல்ல வாயெடுத்தால் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கல்லூரி அரங்கத்தில் இரங்கல் கூட்டம். ஹெப்சிபா வந்து காரில் கூட்டிப்போனாள். டாக்டர் ஹெப்சிபா இப்போது அனாட்டமி துறைத் தலைவி. அவரிடம் படித்து, அவரிடமே வேலைக்குச் சேர்ந்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது இரட்டைச் சடை போட்டிருந்தாள். இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது.

மேடையில் அவர் படத்துக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். ஒரு பெரிய இருதய மருத்துவர் பேசினார். முதல் நாள் பிணத்தைப் பார்த்து அவர் மயங்கி விழுந்துவிட்டாராம். கண் விழித்தால் சார் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறாராம். "பயப்படாதடே. நான் ரெண்டு நாள் விழுந்தேன். நீ ஒரு நாள்தான விழுந்திருக்க" என்றாராம். அரங்கமே சிரித்தது. ஒரு பெண் டாக்டர், ஹாஸ்டல் விழாவில் சார் ஆடினார் என்றாள். ஆடினாரா என்று நான் பக்கத்திலிருந்த ஹெப்சிபாவிடம் கேட்டேன். "நல்லாவே ஆடுவாங்கம்மா" என்றாள்.

அவர் என்னோடு பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் அவர்களுக்கு எடுத்த ஒரு வருஷ வகுப்புக்குக் காணாது. காலையில் ஆறரைக்குப் போவார். வந்தால் பின்னாலேயே இரண்டு மூன்று பிள்ளைகள் வரும். நான் தோசை சுட்டுப் போடுவேன். அவர்கள் போன பிறகு அவர் களைத்துப்போய் இருப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர். ஒரு நாளும் அதட்டியதில்லை.

கடைசியில் மைக்கை என்னிடம் நீட்டினார்கள். "அம்மா, சாரைப் பத்தி ரெண்டு வார்த்தை." எழுந்து நின்றேன். எல்லா முகங்களும் என்னையே பார்த்தன. "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஹெப்சிபா வந்தாள். காப்பி கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, ஒரு விஷயம். அடுத்த மாசம் புதுப் பிள்ளைங்க வாராங்க. சார் உடம்பை இந்த வருஷமே வகுப்புக்கு வைக்கணும்னு எழுதியிருக்காங்க."

"தெரியும்."

"எங்களால முடியலம்மா. டிபார்ட்மென்ட்ல இருக்கிற எல்லாரும் சார்கிட்ட படிச்சவங்க. முந்தாநாள் நான் கையுறை போட்டுக்கிட்டுப் பக்கத்துல போனேன். கத்தி எடுத்தா கை நடுங்குது. வெளிய வந்து உக்காந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டீன் சார்கிட்ட பேசினோம். உடம்பை மரியாதையா உங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துரலாம்னு சொல்லுதாரு. ஊர்வலமாக் கொண்டு போயி, எல்லா மரியாதையோட தகனம் பண்ணலாம். டிசெக்‌ஷன் ஹாலுக்கு சார் பேர் வைக்கலாம். உங்களுக்குச் சம்மதமான்னு கேக்க வந்தேன்."

   யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு, போய்ப் பீரோவைத் திறந்தேன். அவருடைய பட்டு வேட்டி மடித்தபடி இருந்தது. வெயிலில் காயவைத்தேன். பூச்சி அரிக்குமே, அதற்காக.

ஆகஸ்ட் 23, சனி

குமரேசனிடம் போனில் சொன்னேன். 

"சரின்னு சொல்லிருங்கம்மா" என்றான். "நான் வந்து கொள்ளி வைக்கேன். நான் வந்து பார்த்தப்ப அப்பா ஒரு இரும்பு மேஜையில கெடந்தாங்க. மொட்டை அடிச்சிருந்தாங்க. அதையே நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

"எனக்கும் சரின்னுதான்யா படுது."

"எப்பவும் அவங்களுக்குத்தான இருந்தாங்க. என் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை வந்திருக்காங்களா? ஒரு நாளாவது நம்மகிட்ட இருக்கட்டும்."

அவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் மட்டும்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தேன். நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், எப்போதாவது.

ஹெப்சிபாவுக்குப் போன் செய்து சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்யவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

செப்டம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை தகனம் என்று முடிவாகியிருக்கிறது. குமரேசன் ஐந்தாம் தேதி வருகிறான். ஐயரிடம் பேசியாகிவிட்டது. அஸ்தியை ஆற்றில் எந்தப் படித்துறையில் கரைப்பது என்று அவர் கேட்டார். வீட்டைப் பேச்சியோடு சேர்ந்து ஒட்டடை அடித்தேன். பல நாள் கழித்து இன்று நன்றாகப் பசித்தது.

செப்டம்பர் 3, புதன்

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

வேட்டியை முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்று கல்லூரிக்குப் போனேன். அவரைப் பார்க்க வேண்டும் என்று ஹெப்சிபாவிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாமேம்மா" என்று தயங்கினாள். நான் வேட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு கூட்டிப்போனாள்.

அவருக்கு மனைவியாக இத்தனை வருஷம் இருந்தும் அந்தக் கூடத்துக்குள் இன்றுதான் முதல் தடவை நுழைகிறேன். நீளமான கூடம். வாசலிலேயே கண் எரிந்தது. நான்கு மேஜைகளில் நான்கு பேர், வெள்ளைத் துணி மூடியிருந்தது. கடைசி மேஜையில் அவர். ஹெப்சிபா முகத்துத் துணியை விலக்கினாள். தோல் கறுத்து, இறுகி இருந்தது. மூக்கு அவருடையதுதான். நெற்றியைத் தொட்டேன். மரம் மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று பயந்துகொண்டே போனேன். வரவில்லை. இங்கேயா இருக்கீங்க என்று மட்டும் தோன்றியது.

திரும்பும்போது பக்கத்து மேஜையில் துணி கொஞ்சம் விலகி ஒரு கை வெளியே தெரிந்தது. பெண்ணின் கை, வயதானவள். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது, ஒரு தேள். விரலில் மோதிரம் கிடந்த தடம் இருந்தது.

"இவுக யாரு?" என்றேன்.

"தெரியலம்மா. பஸ் ஸ்டாண்டுல கெடந்தாங்க. போலீஸ் விசாரிச்சாங்க, யாரும் தேடி வரல. கடைசியில இங்க கொடுத்துட்டாங்க."

"மத்த ரெண்டு பேரும்?"

"அவங்களும் அப்படித்தான்."

"இவளையும் வகுப்புக்கு வச்சு அறுப்பீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப கை நடுங்காதா ஹெப்சிபா?"

அவளைக் குத்திக்காட்ட நான் அதைக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. அந்தக் கையை எடுத்துத் துணிக்குள் மெதுவாக வைத்து மூடினாள்.

ஆட்டோவில் வரும்போதுதான் அது ஞாபகம் வந்தது. உடலைக் கொடுப்பதாக எழுதி, அவர் என்னிடம் கையெழுத்துக்கு நீட்டிய நாள். நான் கோபத்தில், "செத்த பொறவும் அங்கதான் போகணுமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆவுடை, இத்தனை வருஷமா யாரையும் கேக்காம எடுத்து அறுத்துருக்கோம். ஒருத்தருமில்லாதவங்க, கேக்க ஆளில்லைன்னுதான எடுத்தோம்? கேக்க ஆள் இருக்கிற நான் ஒருத்தனாவது போயி அவங்க பக்கத்துல படுக்கணும்லா" என்றார். அப்போது நான் அடுப்பில் பாலைப் பார்க்க எழுந்து போய்விட்டேன். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

அந்தப் பச்சை குத்தின பெண்ணுக்கு யாராவது ஒருத்தி தோசை சுட்டுப் போட்டிருப்பாள். அல்லது அவள் யாருக்காவது போட்டிருப்பாள். அவளை விட்டுவிட்டு, பட்டு வேட்டி கட்டி இவரை மட்டும் தூக்கிக்கொண்டு வரலாமா?

வரலாம். வர ஆசையாக இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் ஹெப்சிபாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அவர் அங்கேயே இருக்கட்டும், வகுப்புக்கு வையுங்கள் என்று. அவள் போனில் அழுதாள். "எங்களுக்கு இது சார் வச்ச பரீட்சைம்மா" என்றாள். எனக்கும்தான் என்று சொல்லவில்லை.

ஒன்று கேட்டேன். வருஷக் கடைசியில் மிச்சத்தைத் தகனம் செய்யும்போது அந்தப் பச்சை குத்தின அம்மாளையும், மற்ற இரண்டு பேரையும் அவரோடு சேர்த்தே செய்ய வேண்டும். நால்வர் அஸ்தியையும் என்னிடம் கொடுக்க வேண்டும். அனுமதி வாங்கித் தருகிறேன் என்றாள்.

குமரேசனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா இப்படிப் பண்ணுதீங்க?" என்றான். "நீங்க ஒரு தடவையாவது உங்களுக்குன்னு கேளுங்களேன்."

"கேட்டேன்யா. கெடச்சது. கையில வாங்க மனசு வரல."

"யாரோ ஒரு பொம்பளைக்காகவா?"

"அப்பா அவுகளுக்காகத்தான் போனாங்க."

"அப்ப எனக்காக?"

 டிக்கெட்டை ரத்து செய்யாதே, வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ என்றேன். போனை வைத்துவிட்டான்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினமாம். வாசலில் யாரோ ரோஜா மாலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குமரேசன் வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

போன் இல்லை. நானும் பேசவில்லை. மருமகள் மட்டும், "கொஞ்ச நாள் விடுங்க அத்தை" என்று செய்தி அனுப்பினாள்.

சுண்டைக்காய் வற்றல் போட்டேன். ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு என்று பேச்சி கேட்டாள். கைக்கு வேலை வேண்டாமா.

செப்டம்பர் 22, திங்கள்

புது மாணவர்களுக்கு இன்று முதல் வகுப்பு. டிசெக்‌ஷன் தொடங்கும் முன்னால் எல்லோரும் நின்று ஓர் உறுதிமொழி சொல்வார்களாம். இறந்தவருக்கு மரியாதையாக நடப்போம் என்று. அதற்கு நானும் வர வேண்டும் என்று ஹெப்சிபா கேட்டிருந்தாள். வெள்ளைக் கோட்டுகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பாதிப் பிள்ளைகளுக்கு முகத்தில் இரத்தமே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தானே இன்னும்.

உறுதிமொழி முடிந்தது. ஹெப்சிபா, "இவங்க சாரோட மனைவி. ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றாள். என்னிடம் முன்கூட்டிச் சொல்லவேயில்லை. திரும்பவும் அந்த மைக் மாதிரிதான் ஆகப்போகிறது என்று நினைத்தேன். டீனைப் பற்றியும் பேராசிரியரைப் பற்றியும் எனக்கு என்ன தெரியும்?

மேஜையில் அவர் கிடந்தார். தோள் வரை துணி. பார்த்துக்கொண்டே நின்றவள், என்னை அறியாமல் பேச ஆரம்பித்தேன்.

"இவங்களுக்கு வலது பக்கம், கழுத்துக்குக் கீழ, காறை எலும்பு மேடா இருக்கும். என்னவோ ஏதோன்னு நினைக்காதீங்க. கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக் கொய்யா மரத்துல ஏறினாங்க. எனக்குப் பறிச்சுத் தாரேன்னு. கிளை முறிஞ்சு விழுந்துட்டாங்க. சம்பந்தி வீட்டுல சொல்லிராதீங்கன்னு எங்க அப்பா எல்லார்கிட்டயும் கெஞ்சினாங்க."

ஒரு பையன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "சிரிங்க, பரவாயில்ல" என்றேன்.

"குடல்வால் தேடாதீங்க, கெடைக்காது. படிக்கும்போதே எடுத்தாச்சு. இடது கையில முழங்கைக்கு உள்பக்கம் ஒரு வடு இருக்கும். எண்ணெய் தெறிச்சது. நான் பிரசவத்துக்குப் போயிருந்தப்ப தானா அப்பளம் பொரிச்சாங்களாம். இடது கால்ல ரெண்டாவது விரல் பெருவிரல் மேல ஏறி இருக்கும், அதனால எந்தச் செருப்பும் சேராது. முதுகுல, வலது தோள்பட்டைக்குக் கீழ ஒரு மச்சம். அது அவங்களுக்கே தெரியாது, நான் சொல்லித்தான் தெரியும்."

 ஹெப்சிபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவற்றில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது.

"கடைசி நாலஞ்சு வருஷமா இடது காது கேக்காது. வெளிய சொல்ல மாட்டாங்க, கூச்சம். நீங்க ஏதாவது கேக்கணும்னா வலது பக்கம் நின்னு பேசுங்க."

இன்னும் ஒன்று சொல்ல வந்தேன். நாக்கு நுனி வரை வந்தது. நிறுத்திக்கொண்டேன். அது அவர்களுக்கு வேண்டாம். இங்கேயும் எழுதப்போவதில்லை.

பிறகு பக்கத்து மேஜையைக் காட்டினேன். "இந்த அம்மாளைப் பத்தி இப்படிச் சொல்ல யாரும் வரல. நீங்கதான் பாத்து, கண்டுபிடிச்சு, என்கிட்ட வந்து சொல்லணும்."

நான் வெளியே வரும்போது பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண், ஒல்லியாக, தலையில் துணி கட்டியவள், மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவருடைய வலது பக்கம் நின்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

குமரேசன் கூப்பிட்டான். "சாப்பிட்டீங்களா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். பேத்திக்குப் பல் விழுந்துவிட்டதாம். அப்பாவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வைக்கும் முன், "அந்தக் கொய்யா மரக் கதையை ஹெப்சிபா அக்கா சொன்னாங்க. என்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே" என்றான். நீ கேட்டதில்லையே என்று சொல்ல வந்து, "வரும்போது சொல்லுதேன்யா" என்றேன். பார்ப்போம் என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அக்டோபர் 6, திங்கள்

மழை. அரை லிட்டர் பால் என்று இன்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

சாயங்காலம் கேட்டைத் தட்டும் சத்தம். அன்று அவருடைய வலது பக்கம் போய் நின்ற பெண். நஸ்ரீன் என்று பெயர், கடையநல்லூர். உள்ளே வரத் தயங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, சொல்லணும்னு வந்தேன். இன்னைக்குக் கை முடிச்சிட்டோம். நீங்க சொன்ன எலும்பு இருந்துச்சு. நல்லாக் கூடிருக்கு, மேடா. எல்லாரும் தொட்டுப் பாத்தோம்."

"உள்ள வா."

"இன்னொண்ணு. அந்தப் பச்சை குத்தின அம்மா... அவங்க ரெண்டு உள்ளங்கையும் காச்சுப்போயிருக்கு. விரல் மடிப்புல எல்லாம். வயல் வேலை பாத்திருப்பாங்களா, பீடி சுத்தியிருப்பாங்களான்னு எங்களுக்குள்ள பேச்சு. எங்க உம்மா பீடி சுத்துவாங்க. அது மாதிரி இல்ல. நாத்து நட்ட கைன்னு நான் சொன்னேன். உங்ககிட்ட வந்து சொல்லச் சொன்னீங்கள்ல."

சொன்னேன்தான். அவளை உட்காரவைத்துத் தோசை சுட்டேன். தட்டை எதிரே வைத்தும் தொடாமல் இருந்தாள். என்ன என்றேன். சங்கடத்தோடு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கையில அந்த மருந்து வாடை போகலம்மா. கையுறை போட்டாலும் ஏறிருது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் இருக்கு. அந்தக் கையால சாப்பிட முடியல. பத்து நாளா ஸ்பூன்லதான் சாப்பிடுதேன்."

"அதுக்குச் சீயக்காய்த் தூளும் எலுமிச்சம்பழமும் போடணும். வா" என்று கொல்லைப்பக்கம் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன்.

அந்த வாடை வந்தது. கல்யாணமான நாள் முதல் எங்கள் தலையணையில் இருந்தது, துண்டில் இருந்தது. குமரேசனை அவர் முதன்முதலில் தூக்கியபோது பிள்ளைமேல் ஏறியது. இத்தனை வருஷமும் அதைத் திட்டிக்கொண்டே நான் சீயக்காய் கலக்கி வைத்தேன். அவர் போன பிறகு வீட்டில் என்ன குறைகிறது என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவே இல்லை.

"அம்மா?" என்றாள் அந்தப் பெண்.

குழாயை மூடினேன். "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு, அவள் கையைக் கழுவாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.